டெல்லியில் எதைப் பார்ப்பது, எதை விடுவது

டெல்லிக்குப் போகப்போகிறோம் என்று சொன்னால் போதும், ஆளுக்கொரு பட்டியல் தருவார்கள். செங்கோட்டை, குதுப் மினார், இந்தியா கேட், லோட்டஸ் டெம்பிள், அக்‌ஷர்தாம், ஹுமாயூன் கல்லறை, ஜும்மா மசூதி, ராஜ்காட், பிர்லா மந்திர், போதாததற்கு ஆக்ரா. கையில் இருப்பதோ மூன்று நாள். அத்தனையையும் ஒரே நாளில் காட்டிவிடுகிறோம் என்று கூப்பிடும் பஸ் டூர்கள் கரோல்பாக், பஹார்கஞ்ச் பக்கம் தெருவுக்குத் தெரு உண்டு. ஏறுமுன் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: எந்த இடத்தில் உள்ளே கூட்டிப்போவீர்கள், எங்கே வெளியில் நின்று பார்ப்பது? பல டூர்களில் பாதி இடங்கள் ரோட்டோரம் நின்று படம் எடுப்பதோடு சரி. நடுவில் கைவினைப் பொருள் கடை ஒன்றில் முக்கால் மணி நேரம் கட்டாயம் நிற்பார்கள். வண்டிக்கு அங்கே கமிஷன் இருக்கும்.

டெல்லியில் இடங்களைப் பொறுக்கும்போது புகழைக் கடைசியில் பார்த்தால் போதும். முதலில் கிழமை, அடுத்து திசை, அதற்கடுத்து வகை. இந்த மூன்றில் வடிகட்டினாலே பன்னிரண்டு இடம் ஆறாகிவிடும். அந்த ஆறையும் நிதானமாகப் பார்க்கலாம்.

கிழமை

திங்கட்கிழமை டெல்லியில் பாதி மூடியிருக்கும். செங்கோட்டை, அக்‌ஷர்தாம், லோட்டஸ் டெம்பிள், தேசிய அருங்காட்சியகம், தீன்மூர்த்தி வளாகத்தில் உள்ள பிரதமர்கள் அருங்காட்சியகம், காந்தி ஸ்மிருதி, இந்திரா காந்தி நினைவில்லம் எல்லாவற்றுக்கும் அன்று விடுமுறை. கரோல்பாக், சரோஜினி நகர், லஜ்பத் நகர் கடைவீதிகளுக்கும் திங்கள்தான் விடுமுறை. தொடர் விடுமுறையை ஒட்டி சனிக்கிழமை வந்து இறங்குபவர்கள் ஞாயிறன்று குதுப் மினாரையும் ஹுமாயூன் கல்லறையையும் முடித்துவிட்டு, திங்களன்று செங்கோட்டை வாசலில் போய் நிற்பதை வாராவாரம் பார்க்கலாம். மாற்றிப் போட்டிருந்தால் இரண்டு நாளும் பிழைத்திருக்கும். குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, சஃப்தர்ஜங் கல்லறை, லோதி தோட்டம், ஜந்தர் மந்தர், தேசியப் போர் நினைவுச்சின்னம், பங்களா சாகிப் குருத்வாரா இவை எல்லாம் திங்களன்றும் திறந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை தாஜ்மஹால் மூடல். அதனால்தான் நிஜாமுதீன் ஸ்டேஷனிலிருந்து ஆக்ரா போகும் கதிமான் எக்ஸ்பிரஸும் வெள்ளியன்று ஓடுவதில்லை. ஆக்ராவை திங்களுக்கு ஒதுக்குவது நல்ல கணக்கு. டெல்லியில் மூடியிருக்கும் நாள் வீணாகாது. ஜும்மா மசூதியில் தொழுகை நேரங்களில் சுற்றிப்பார்க்க வருபவர்களை விடமாட்டார்கள்; வெள்ளி நண்பகலில் அந்தப் பக்கமே போக வேண்டாம். சாந்தினி சௌக்கில் ஞாயிறன்று பெரும்பாலான கடைகளின் ஷட்டர் இறங்கியிருக்கும். கன்னாட் பிளேஸிலும் ஞாயிறன்று கடைகள் பல திறக்காது.

இவை தவிர வருடத்தில் இரண்டு தடைக்காலங்கள் உண்டு. ஆகஸ்ட் 15க்கு முந்தைய வாரங்களில் பாதுகாப்புக்காகச் செங்கோட்டையை மூடிவிடுவார்கள். ஜனவரி 26ஐ ஒட்டி அணிவகுப்பு ஒத்திகைகள் நடப்பதால் கர்த்தவ்ய பாதையும் இந்தியா கேட்டைச் சுற்றியுள்ள சாலைகளும் அடிக்கடி அடைபடும். அணிவகுப்பைப் பார்க்கவே போகிறவர்களுக்குப் பரவாயில்லை. மற்றவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம்.

திசை

குதுப் மினார் தெற்குக் கோடி, செங்கோட்டை வடக்கு, அக்‌ஷர்தாம் யமுனைக்குக் கிழக்கே. குதுப் மினாரிலிருந்து செங்கோட்டைக்கு ஏறக்குறைய 17, 18 கிலோமீட்டர். காலையில் குதுப், மதியம் செங்கோட்டை, மாலை அக்‌ஷர்தாம் என்று தாளில் எழுதினால் அழகாக இருக்கும். நடைமுறையில் அந்த நாளின் பாதி ரிங் ரோட்டில் போய்விடும்.

மெட்ரோ வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு திட்டம் போடுவதே சுலபம். யெல்லோ லைன் ஒன்றிலேயே சாந்தினி சௌக், நியூ டெல்லி ஸ்டேஷன், ராஜீவ் சௌக் (கன்னாட் பிளேஸ்), படேல் சௌக் (பங்களா சாகிப்), சென்ட்ரல் செக்ரடேரியட், ஜோர் பாக் (லோதி தோட்டம், சஃப்தர்ஜங்), குதுப் மினார் எல்லாம் வரிசையாக வருகின்றன. வயலட் லைனில் லால் கிலா (செங்கோட்டை), ஜாமா மஸ்ஜித் (ஜும்மா மசூதி), ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம் (ஹுமாயூன் கல்லறைக்கு), கால்காஜி மந்திர் (லோட்டஸ் டெம்பிள்). இரண்டு லைனும் சென்ட்ரல் செக்ரடேரியட்டில் சந்திக்கின்றன. அக்‌ஷர்தாமும் கரோல்பாக்கும் ப்ளூ லைன். அறை எடுக்கும்போது யெல்லோ லைன் ஸ்டேஷனுக்கு நடந்துபோகும் தூரத்தில் எடுத்தால், தள்ளி எடுத்த மலிவான அறையில் மிச்சமாகும் பணத்தைவிட ஆட்டோச் செலவில் அதிகம் மிச்சமாகும்.

மெட்ரோவில் மூன்று விஷயம். ஸ்டேஷன் பெயரும் இடத்தின் பெயரும் ஒன்றாக இருப்பதால் இறங்கினால் எதிரிலேயே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். குதுப் மினார் ஸ்டேஷனிலிருந்து மினார் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல், ஆட்டோ வேண்டும். நேரு ஸ்டேடியத்திலிருந்து ஹுமாயூன் கல்லறைக்கும் அப்படியே. லால் கிலா, ஜாமா மஸ்ஜித், ஜோர் பாக் ஸ்டேஷன்கள்தான் உண்மையிலேயே பக்கம். இரண்டாவது, ராஜீவ் சௌக்கில் காலை 9 முதல் 10 வரையும், மாலை ஐந்தரை முதல் 8 வரையும் குடும்பத்தோடு லைன் மாறுவது சிரமம். முதல் பெட்டி பெண்களுக்கானது. குடும்பம் இரண்டாகப் பிரிந்து ஏறினால் எந்த ஸ்டேஷனில் இறங்குவது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். மூன்றாவது, ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு வாங்கினால் கட்டணத்தில் 10 சதவீதம் குறையும். கவுன்ட்டர் வரிசையும் மிச்சம்.

ஆட்டோவில் ஹிந்தி தெரியாதே என்ற பயம் வேண்டாம். ஆப்பில் விலையைப் பார்த்துக்கொண்டு பேசினாலே பாதி பேரம் முடிந்துவிடும். ரயில் நிலையங்களில் போக்குவரத்துப் போலீஸ் நடத்தும் ப்ரீபெய்டு சாவடியும் உண்டு. நியூ டெல்லி ஸ்டேஷன் வாசலில் வந்து “உங்க ஹோட்டல் மூடிட்டாங்க”, “டிக்கெட் ஆபீஸ் கன்னாட் பிளேஸுக்கு மாறிடுச்சு” என்று சொல்பவர் யாராக இருந்தாலும், நின்று பதில் சொல்லாமல் நடந்துகொண்டே இருங்கள்.

வகை

டெல்லியின் பட்டியலில் ஒரே வகை திரும்பத் திரும்ப வரும்: கோட்டை, கல்லறை, மசூதி, தோட்டம். வரலாற்றில் ஊறியவருக்கு ஒவ்வொன்றும் வேறுதான். குடும்பத்தோடு போகிற மற்றவருக்கு மூன்றாவது குவிமாடத்தில் களைப்பு தட்டிவிடும். வகைக்கு ஒன்று, அதில் சிறந்தது என்று எடுப்பதே நல்லது.

இந்த இடத்தில் பலருக்கு ஒப்பாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோட்டை ஒன்றுதான் பார்ப்பது, ஆக்ராவும் போவது உறுதி என்றால், செங்கோட்டையின் உட்புறத்தை விட்டுவிடலாம். ஆக்ரா கோட்டையில் முகலாய அரண்மனைப் பகுதி இன்னும் முழுமையாக நிற்கிறது. 1648இல் ஷாஜஹான் கட்டி முடித்த செங்கோட்டைக்குள் அப்படி இல்லை. 1857 கிளர்ச்சியை அடக்கிய பிறகு உள்ளே இருந்த கட்டடங்களில் பெரும்பகுதியை ஆங்கிலேயர்கள் இடித்துத் தள்ளிவிட்டுப் படைவீரர் குடியிருப்புகளைக் கட்டினார்கள். மயிலாசனம் அதற்கும் நூறாண்டுக்கு முன்பே, 1739இல், படையெடுத்து வந்த பாரசீக மன்னர் நாதிர் ஷாவோடு போய்விட்டது. இன்று பார்ப்பவை திவானே ஆம், திவானே காஸ், ரங் மஹால் போன்ற சில மண்டபங்கள். பெரும்பாலும் தடுப்புக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். இவற்றுக்கு நடுவே நீண்ட புல்வெளி. மண்டபங்களுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த யமுனை விலகிப்போய், அந்த இடத்தில் இப்போது சாலை. இந்தக் கதை தெரியாமல் போகிறவர்கள் “இவ்வளவுதானா?” என்று திரும்புவதில் ஆச்சரியமில்லை.

ஆக்ரா போகவில்லை என்றால் செங்கோட்டைக்குள் போங்கள். அப்போது அருங்காட்சியகங்களையும் சேர்த்துப் பாருங்கள். அந்தப் பழைய படைவீரர் குடியிருப்புகளிலேயே 1857 பற்றியும், நேதாஜி, இந்திய தேசிய ராணுவம் பற்றியும் காட்சியகங்கள் அமைத்திருக்கிறார்கள். அவற்றுக்குக் கட்டணம் தனி. டிக்கெட் வாங்கும்போதே சேர்த்து வாங்கிவிட வேண்டும். உள்ளே போன பிறகு நினைவு வந்தால் லாகூர் வாசல் வரை திரும்பி நடக்கும் வேலை. மொத்தம் இரண்டரை மணி நேரம். வெளியே நின்று அந்தச் சிவப்பு மதிலைப் பார்க்க மட்டும் ஆசை என்றால் லால் கிலா ஸ்டேஷனில் இறங்கி மேலே வந்தாலே போதும், செலவில்லை.

கல்லறை வகையில் ஹுமாயூன் கல்லறையை விடக்கூடாது. தாஜ்மஹாலுக்கு ஏறத்தாழ 70 ஆண்டு மூத்தது. நான்காகப் பிரித்த தோட்டத்தின் நடுவே உயர்ந்த மேடை, மேலே வெள்ளைக் குவிமாடம் என்ற அமைப்பை இங்கே பார்த்துவிட்டு ஆக்ரா போனால் தாஜ் எங்கிருந்து வந்தது என்பது கண்ணுக்கே விளங்கும். எனவே வரிசையும் முக்கியம்: முதலில் இது, பிறகு தாஜ். மாற்றிப் பார்த்தால் இது சின்னதாகத் தெரியும். உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் எண்கோண வடிவில் ஒரு கல்லறை வரும். இசா கானுடையது, ஹுமாயூன் கல்லறைக்கு முன்பே, 1547இல் கட்டப்பட்டது. போகும்போதே பார்த்துவிடுங்கள், வரும்போது கால் வலிக்கும். மேடைக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை, ஒவ்வொரு படியும் உயரம். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கீழே தோட்டத்திலிருந்து பார்ப்பதே நல்லது. கீழிருந்து தெரியும் தோற்றமே அழகு. மேலே மண்டபத்தில் இருப்பது அடையாளக் கல்லறைதான். உடல் அடக்கம் செய்யப்பட்ட இடம் கீழ்த்தளத்தில். 1857இல் கடைசி முகலாயர் பகதூர் ஷா ஜஃபர் ஒளிந்திருந்து பிடிபட்டதும் இந்த வளாகத்தில்தான். வாசலருகே நிலத்தடியில் 2024இல் திறந்த அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது. கூட்டம் குறைவு, கோடையில் வெயிலுக்கு ஒதுங்கவும் ஏற்ற இடம். பக்கத்திலேயே சுந்தர் நர்சரி. குழந்தைகள் இருந்தால் அங்கே ஒரு மணி நேரம் ஓடவிட்டுவிட்டுக் கிளம்பலாம்.

ஹுமாயூன் கல்லறை பார்த்தவருக்கு சஃப்தர்ஜங் கல்லறை தேவையில்லை. 1754இல் அதே பாணியில் கட்டிய கடைசிப் பெரிய முயற்சி அது. ஆனால் கூட்டம் இல்லாமல் படம் எடுக்க நினைப்பவருக்குப் பிடிக்கும். லோதி தோட்டத்துக்கு டிக்கெட் கிடையாது, விடிந்ததும் நடக்கப் போகலாம்.

குதுப் மினார் எந்தப் பட்டியலிலும் இருக்க வேண்டிய இடம். சுமார் 73 மீட்டர் உயரம். மேலே ஏற முடியுமா என்று எல்லோரும் கேட்பார்கள், முடியாது. 1981 டிசம்பரில் உள்ளே விளக்கு அணைந்து ஏற்பட்ட நெரிசலில் 45 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். அதற்குப் பிறகு படிக்கட்டு மூடியே இருக்கிறது. கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு அரை மணி நேரத்தில் வெளியேறுபவர்கள் அதிகம். நம் ஊர்க்காரர்களுக்கு உண்மையில் சுவாரசியமானது அதன் காலடியில் இருக்கிறது. பக்கத்து மசூதியின் தூண்களைப் பாருங்கள்: சங்கிலியில் தொங்கும் மணி, பூரண கும்பம் எனக் கோயில் தூண் வேலைப்பாடு. 27 கோயில்களின் கற்களைக் கொண்டு கட்டியதாக அங்கிருக்கும் கல்வெட்டே சொல்கிறது. முற்றத்தில் குப்தர் காலத்து இரும்புத் தூண், உயரம் 7 மீட்டருக்குச் சற்று அதிகம், எடை 6 டன்னுக்கு மேல். இரும்பில் பாஸ்பரஸ் அதிகம் என்பதால் மேற்பரப்பில் ஒரு பாதுகாப்புப் படலம் உருவாகி, துருவை உள்ளே விடாமல் தடுக்கிறது. கட்டிப்பிடித்து வேண்டிக்கொள்ளும் பழக்கம் இருந்ததால் சுற்றிலும் வேலி போட்டுவிட்டார்கள். வளாகத்தின் வடக்கே கல் குவியல்போல் நிற்கும் அலாய் மினாரையும் விடாதீர்கள். குதுப்பைவிட இரண்டு மடங்கு உயரமாகக் கட்ட அலாவுதீன் கில்ஜி தொடங்கி, முதல் அடுக்கோடு நின்றுபோனது.

சூரியன் உதித்ததும் திறந்துவிடுவார்கள். 8 மணிக்குள் உள்ளே இருந்தால் பள்ளிச் சுற்றுலா பஸ்களுக்கு முன்னால் பார்த்துவிடலாம். டிக்கெட் கவுன்ட்டர் சாலைக்கு எதிர்ப்புறம் இருப்பதால் நேராக வாசலுக்குப் போய்த் திரும்பி வருபவர்கள் உண்டு. ஒன்றரை, இரண்டு மணி நேரம் போதும். இன்னும் தெம்பு இருந்தால் பக்கத்திலேயே மெஹ்ரௌலி தொல்லியல் பூங்கா, இலவசம். ஜமாலி கமாலி மசூதியும், ராஜோன் கி பாவ்லி என்ற படிக்கிணறும் அங்கே இருக்கின்றன. வழிகாட்டிப் பலகைகள் குறைவு, போனில் வரைபடம் வேண்டும்.

அக்‌ஷர்தாமும் லோட்டஸ் டெம்பிளும்

இவ்விரண்டுக்கும் நேரக்கணக்கு தெரியாமல்தான் திட்டங்கள் உடைகின்றன. அக்‌ஷர்தாமுக்கு அரை நாள், குறைந்தது 4 மணி நேரம். 2005இல் திறந்த கோயில். பழமை தேடிப் போகிறவருக்கு ஏமாற்றம், கல்வேலைப்பாட்டின் அளவைப் பார்த்து வியப்பவருக்குத் திருப்தி. செல்போன், கேமரா, பை, சாப்பாடு எதுவும் உள்ளே போகாது. ஒப்படைக்கும் வரிசை ஒன்று, சோதனை வரிசை ஒன்று. சனி, ஞாயிறு மாலைகளில் இரண்டும் சேர்ந்து ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். எனவே அறையிலேயே பையை வைத்துவிட்டுக் குடும்பத்துக்கு ஒரே ஒரு போனோடு போங்கள். உள்ளே ஜிபே கிடையாது என்பதை மறந்து, கையில் காசில்லாமல் போய் நிற்பவர்கள் நிறைய. காட்சிக்கூடங்கள், மாலை நீர்க்காட்சி, உணவகம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. போன் இல்லாமல் கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று நுழையும்போதே ஒரு இடத்தைப் பேசி வையுங்கள். பிள்ளைகள் சட்டைப்பையில் பெரியவர் ஒருவரின் எண்ணை எழுதிப் போடுங்கள். முழங்காலுக்கு மேல் ஏறும் உடை அனுமதியில்லை. மதியம் இரண்டு மூன்று மணிக்குப் போய் விளக்கு ஏற்றிய பிறகு வெளியே வருவதுதான் சரியான நேரம்.

லோட்டஸ் டெம்பிள் 1986இல் திறந்த, பஹாய் மதத்தவரின் வழிபாட்டு மண்டபம். 27 பளிங்கு இதழ்கள் வெளியிலிருந்து பார்க்க அழகு. உள்ளே சிலையோ பூஜையோ கிடையாது, பேசாமல் உட்கார்ந்துவிட்டு வரலாம், அவ்வளவே. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வரிசையில் நின்று பத்து நிமிடத்தில் வெளியேறிய குடும்பங்கள் முணுமுணுத்துக்கொண்டு போவதைக் கேட்கலாம். வார நாள் காலையில் அந்தப் பக்கம் போனால் நுழையுங்கள். இல்லையேல் தாராளமாக விடலாம்.

இந்தியா கேட்டுக்கு இரவு 7 மணிக்கு மேல்

42 மீட்டர் வளைவு, விளக்கு வெளிச்சத்தில்தான் எடுப்பாகத் தெரியும். பகலில் நிழல் கிடையாது. இந்தியா கேட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதைவிட, அதன் பின்னால் 2019இல் திறந்த தேசியப் போர் நினைவுச்சின்னத்துக்கு அந்தி சாய்வதற்கு அரை மணி நேரம் முன்பு போங்கள். 1947க்குப் பிறகு உயிரிழந்த 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் கிரானைட் பலகைகளில், வட்டச் சுவர்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அனுமதி இலவசம். உயிரிழந்த வீரர்களுக்காக எரிந்த அமர் ஜவான் ஜோதியை இந்தியா கேட்டடியில் தேடுபவர்களுக்கு: 2022இல் அதை இங்குள்ள சுடரோடு சேர்த்துவிட்டார்கள்.

குடியரசுத் தலைவர் மாளிகைக்குள் போக வேண்டுமென்றால் இணையத்தில் முன்பதிவு செய்து, அசல் அடையாள அட்டையோடு போக வேண்டும். நேரில் போய்க் கேட்டுப் பயனில்லை. பிப்ரவரி, மார்ச்சில் அங்குள்ள அம்ரித் உத்யான் தோட்டத்தைத் திறக்கிறார்கள்; அதற்கும் பதிவு உண்டு, கட்டணமில்லை.

அருங்காட்சியகம் ஒன்றாவது

ஜன்பத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தைத் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. மொகஞ்சதாரோவின் நடனப் பெண் சிலை இங்கேதான் இருக்கிறது. பாடப்புத்தகப் படத்தைப் பார்த்துப் பெரிய சிலை என்று நினைத்திருப்போம். உண்மையில் பத்தரை சென்டிமீட்டர்தான். சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் உண்டு. கோயில் கருவறையில் அலங்காரத்துக்குள் மறைந்திருக்கும் வேலைப்பாட்டை இங்கே பின்பக்கம் வரை சுற்றிப் பார்க்கலாம். நார்த் பிளாக், சவுத் பிளாக் கட்டடங்களில் புதிய அருங்காட்சியகம் அமைக்கும் திட்டம் இருப்பதால் சில கூடங்கள் மூடியிருக்கக்கூடும். போகும் வாரத்தில் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

அரசியல் வரலாற்றில் நாட்டம் இருந்தால் தீன்மூர்த்தியில் பிரதமர்கள் அருங்காட்சியகத்துக்கு 3 மணி நேரம் வேண்டும். நேரம் குறைவு என்றால் காந்தி ஸ்மிருதி. 1948 ஜனவரி 30 அன்று காந்தி அறையிலிருந்து பிரார்த்தனைத் திடலுக்கு நடந்த வழியைக் காலடித் தடங்களாகப் பதித்து வைத்திருக்கிறார்கள். கட்டணமில்லை, ஒரு மணி நேரம் போதும். காந்தி சமாதியான ராஜ்காட்டையும் இதையும் வைத்து ஒன்றைத்தான் பார்ப்பது என்றால் இதைத்தான் பார்க்கச் சொல்வோம்.

பழைய டெல்லி

இங்கே இடங்களைவிட நேரம்தான் எல்லாம். 8 மணிவாக்கில் ஜும்மா மசூதி, கடைகள் திறக்கும் 11 மணிக்கு சாந்தினி சௌக். மசூதிப் படிகள் உயரமானவை. காலணியைக் கழற்றிவிட்டு வெயிலில் கல் தரையில் நடக்க வேண்டும், காலுறை இருந்தால் நல்லது. தோளும் காலும் மூடிய உடை வேண்டும். உள்ளே போக டிக்கெட் இல்லை என்றாலும் கேமராவுக்குக் கட்டணம் கேட்பார்கள்.

சாந்தினி சௌக் பிரதான வீதியில் காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிகளுக்கு அனுமதியில்லை. ஜெயின் லால் மந்திர் முனையிலிருந்து ஃபதேபுரி மசூதி வரை நடக்கலாம், அல்லது சைக்கிள் ரிக்‌ஷா. ஏறுமுன் “இத்தனை பேருக்கு, இந்த இடம் வரை, மொத்தம்” என்று மூன்றையும் சேர்த்துப் பேசுங்கள். இறங்கும்போது தலைக்கு இவ்வளவு என்று மாறுவது வழக்கம். ஃபதேபுரிக்குப் பக்கத்தில் காரி பாவ்லி மசாலாச் சந்தை. மிளகாய் நெடிக்கு மூக்கைப் பொத்தக் கைக்குட்டை தேவைப்படும். பராத்தே வாலி கலியில் பராத்தாவைக் கல்லில் சுடமாட்டார்கள், கடாயில் பொரித்து எடுப்பார்கள். ஆளுக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்வது வயிற்றுக்கு நல்லது.

வெயில், புகை, மூடுபனி

தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறை வருவது ஏப்ரல், மே. டெல்லியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதும் அப்போதுதான். வேறு வழியில்லை என்றால் திறந்தவெளி இடங்களை 10 மணிக்குள் முடித்துவிட்டு, 11 முதல் 5 வரை அருங்காட்சியகம் அல்லது அறை, மீண்டும் மாலை என்று நாளை இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் வேண்டாம். தீபாவளிக்குப் பின் நவம்பரில் காற்று மோசமாக இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த மாதத்தைத் தவிர்க்க வேண்டும். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முழுக்க மூடுபனி. ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும், காலையில் தாஜ்மஹால் கண்ணுக்கே தெரியாத நாட்களும் உண்டு. அந்தக் காலத்தில் ஆக்ராவுக்குப் போய்வந்த அன்றே ஊர் திரும்பும் ரயிலோ விமானமோ வைத்துக்கொள்ளக் கூடாது. அக்டோபர், பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முடிய என்ற இரண்டு இடைவெளிகளே வசதியானவை.

டிக்கெட்டும் ஆக்ராவும்

தொல்லியல் துறை நினைவுச்சின்னங்களில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமில்லை. வயதுக்கு ஆதாரம் போனிலாவது இருக்கட்டும். வெளிநாட்டவர் கட்டணம் பல மடங்கு அதிகம். ஆனால் சார்க், பிம்ஸ்டெக் என்ற அண்டை நாட்டுக் கூட்டமைப்புகளைச் சேர்ந்தவர்களுக்குச் சலுகை உண்டு; இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் குதுப், ஹுமாயூன் போன்ற இடங்களில் இந்தியர் கட்டணமே கொடுக்கலாம். அசல் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், வெளிநாட்டவர் கவுன்ட்டரில் போய் நின்றால் யாரும் தாமாகச் சொல்லமாட்டார்கள். தாஜ்மஹாலில் மட்டும் கணக்கு வேறு: இந்தியருக்கு 50 ரூபாய், சார்க் நாட்டவருக்கு 540, மற்ற வெளிநாட்டவருக்கு 1,100. கல்லறை மண்டபத்துக்குள் போக எல்லோருக்கும் கூடுதலாக 200. இணையத்தில் வாங்கும்போது இந்த 200ஐ விட்டுவிட்டால் மேடைக்கு ஏறவே முடியாது.

ஆக்ரா ஒரு முழு நாள். டெல்லியில் இரண்டே நாள் இருப்பவர் அதைச் சேர்த்தால் டெல்லியில் ஒரு நாள்தான் மிஞ்சும்; அந்த ஒரு நாளில் காலை குதுப் மினார், பதினொன்றுக்குள் ஹுமாயூன் கல்லறை, மதிய ஓய்வு, அந்தியில் போர் நினைவுச்சின்னமும் இந்தியா கேட்டும். மூன்று நாள் என்றால் பழைய டெல்லிக்கு ஒரு காலை, அதே நாள் மதியத்துக்கு மேல் அக்‌ஷர்தாம் அல்லது தேசிய அருங்காட்சியகம். நான்காவது நாள் கிடைத்தால் புதிய இடம் சேர்ப்பதைவிட விட்டுப்போன அருங்காட்சியகத்தைச் சேர்க்கலாம். வயதானவர்கள் இருந்தால் ஜும்மா மசூதியை எடுத்துவிட்டு ஆர்.கே.புரம் மலை மந்திர் போடுங்கள். ஆட்டோக்காரர்களிடம் ‘மலை மந்திர்’ என்றாலே போதும், நம் ஊர்க் கல்கோயில் போலவே கட்டிய சுவாமிநாத சுவாமி சன்னதி. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள்.

ஊர் திரும்பும் நாளில் அறையைக் காலி செய்த பிறகு மிஞ்சும் மூன்று நான்கு மணி நேரத்துக்கு பங்களா சாகிப் குருத்வாராவை வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரமும் திறந்திருக்கும், திங்கள் விடுமுறை கிடையாது, தலையை மூடத் துணி அங்கேயே தருவார்கள், லங்கர் என்ற பொதுப் பந்தியில் சாப்பாடும் ஆயிற்று. பெட்டிகளை அதற்கு முன்பே நியூ டெல்லி ஸ்டேஷன் க்ளோக் ரூமில் போட்டுவிட வேண்டும். பூட்டு இல்லாத பையை எடுக்கமாட்டார்கள், பயண டிக்கெட்டையும் கேட்பார்கள். ஒவ்வொரு பைக்கும் சின்னப் பூட்டு ஒன்றை ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள். ஸ்டேஷன் வாசலில் அதே பூட்டு இரண்டு மடங்கு விலை.